மூன்று ப்ளக் வந்துவிட்டது, ஒன்று மட்டும் வரவில்லை: பைப் மாட்டி முறுக்கலாமா?

காரின் நான்கு ஸ்பார்க் ப்ளக்கில் மூன்று சுலபமாக வந்துவிட்டன, மூன்றாவது சிலிண்டரில் இருப்பது மட்டும் அரைச் சுற்று திரும்பி அதோடு இறுகிவிட்டது, ராட்செட்டில் (ப்ளக்கைத் திருப்பும் ஸ்பேனர் கைப்பிடி) ஒரு இரும்பு பைப்பை மாட்டி முறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கார் 12 வருடப் பழசு, பெட்ரோல், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி, ப்ளக் ஏறும் இடம்), முந்தைய உரிமையாளர் ப்ளக்கை எப்போது மாற்றினார் என்று தெரியாது. கேள்வி பைப்பைப் பற்றி இருந்தாலும், உங்கள் மனதில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். இன்னும் எவ்வளவு பலம் கொடுத்தால் ப்ளக் வரும், எவ்வளவு கொடுத்தால் ஹெட் போய்விடும்? அதற்குத்தான் இந்தப் பதில். பைப் வேண்டாம். இப்போதைக்கு ராட்செட்டைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

பெட்ரோல் இன்ஜின்களில் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறேன், சில வருடம் பையன்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். ஆனாலும் இந்த வேலையில் பாதி விஷயத்தைக் கைதான் சொல்லும். ப்ளக் திரும்பும்போது வருகிற சத்தம், கைப்பிடியில் தெரிகிற நடுக்கம், இதெல்லாம் எழுத்தில் வராது. உங்கள் கார் என் முன்னால் இல்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பலத்தின் கணக்கு, இது நிச்சயமானது. கார்களில் பரவலாக இருப்பது 14 மி.மீ. மரை உள்ள, வாஷரோடு வரும் ப்ளக். அலுமினிய ஹெட்டில் அதை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்கினால் போதும். 25 செ.மீ. நீள ராட்செட்டின் நுனியில் ஒரு 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அவ்வளவுதான். துருவும் கரியும் சேர்ந்து இரண்டு மடங்கு கேட்டால்கூட நல்ல கை ஒன்றால் கொடுத்துவிடலாம். இப்போது 75 செ.மீ. பைப்பை மாட்டி, உடம்பைச் சாய்த்து 40 கிலோ கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 300 நியூட்டன் மீட்டர். வீல் நட்டையே நாம் 100 சொச்சத்துக்குத்தான் இறுக்குகிறோம். உள்ளே பீங்கான் வைத்த, சுண்டுவிரல் பருமன் உள்ள ஒரு சின்ன உருளை அதைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதோடு, பைப் மாட்டிய நொடியிலேயே கைக்குக் கிடைக்கும் சேதி நின்றுவிடும். ப்ளக் கழன்று வருகிறதா, முறுக்கிக்கொண்டு உடையப்போகிறதா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். தட்டித் தட்டி முறுக்கும் நியூமேட்டிக் கன், இம்பாக்ட் ரெஞ்ச் பற்றியும் இதே பதில்தான்.

அடுத்தது, ஏன் மாட்டியிருக்கிறது? நீங்கள் சொன்னதிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது: அரைச் சுற்று திரும்பியது, அப்புறம் இறுகியது. யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலோ, ப்ளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கி மேலே துருப்பிடித்திருந்தாலோ, முதல் அசைவுதான் கஷ்டமாக இருக்கும். அது விட்டபிறகு கையாலேயே சுற்றி எடுத்துவிடலாம். உங்களுக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. உட்காரும் இடம் விட்டுவிட்டது, மரைதான் பிடிக்கிறது. இப்படி ஆவதற்கு இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்று கரி. ப்ளக்கின் அடிமரை கொஞ்சம் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பள்ளங்களில் கரி கெட்டியாகப் படியும். கழற்றும்போது அந்தக் கரி பிடித்த மரை ஹெட்டின் சுத்தமான மரைக்குள் நுழையப் பார்க்கும், நுழைய முடியாமல் இறுகும். முன்பு யாராவது நீளம் கூடிய ப்ளக்கைப் போட்டிருந்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, அலுமினியம் பிய்ந்து இரும்பு மரையோடு ஒட்டிக்கொள்வது. முன்பு கோணலாக ஏற்றியிருந்தாலோ மரைக்குள் மண் விழுந்திருந்தாலோ அப்படி ஆகும்.

இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை உண்டு. ப்ளக்கை மறுபடி உள்ளே, இறுக்கும் பக்கமாக, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பி முன்பு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் அநேகமாகக் கரிதான். உள்ளே போகும்போதும் அதே இறுக்கம், நறநறவென்ற உணர்வு இருந்தால் மரை பிய்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இது கைப்பழக்கத்தில் வந்த சோதனை, நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் செலவில்லாதது, தீங்கும் இல்லாதது. கூடவே, கழற்றிய மூன்று ப்ளக்கையும் வரிசையாக வைத்து அடிமரையைப் பாருங்கள். கடைசி ஒன்றிரண்டு மரை மட்டும் கறுப்பாகக் கரி பூசியிருந்தால் நான்காவதும் அப்படித்தான் இருக்கும். காருக்கான கையேட்டில் உள்ள ப்ளக் எண்ணையும் அதில் அச்சடித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

இனி வேலை. குழியை முதலில் சுத்தம் செய்யுங்கள். ப்ளக் அரைச் சுற்று எழும்பியிருக்கும்போது அதைச் சுற்றிக் கிடக்கும் மணல் நேராக மரைக்குள் இறங்கும், அங்கிருந்து சிலிண்டருக்குள் போகும். அதனால் ப்ளக்கை உள்ளே திருப்பி உட்கார வைத்துவிட்டு, காற்றடித்தோ, மெல்லிய குழாய் மாட்டிய வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியோ எடுங்கள். கழற்றிய மூன்று துளைகளையும் அதற்கு முன்பே சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். துணியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவையுங்கள்.

அப்புறம் இறுகிய மரைக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயில், இல்லையென்றால் கார்புரேட்டர் கிளீனர். துருவுக்கு ஆயில் நல்லது, கரியைக் கிளீனர் நன்றாகக் கரைக்கும். உங்கள் விஷயத்தில் கிளீனரில் ஆரம்பிப்பேன். ப்ளக்கைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, ஸ்ப்ரேயோடு வரும் சிவப்புக் குழாயைக் குழிக்குள் விட்டு, ப்ளக்கின் அடிப்பக்கம் நனையும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். வாஷர் உட்கார்ந்தே இருந்தால் திரவம் மரைக்குள் இறங்காது, அதற்காகத்தான் இந்தக் கால் சுற்று. குழியை நிரப்பாதீர்கள், நிரப்பினால் அத்தனையும் சிலிண்டருக்குள்தான் போகும். கால் மணி நேரம் விடுங்கள், பிறகு முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். அரைக்கால் சுற்று வெளியே, அதே அளவு உள்ளே, மறுபடி வெளியே. ஒவ்வொரு முறையும் முன்பு நின்ற இடத்தைவிட ஒரு துளி கூடுதலாக வரும். வராவிட்டால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு, பெனட்ரேட்டிங் ஆயிலை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அசிட்டோனையும் கியர் ஆயிலையும் கலந்து ஊற்றலாம் என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். அந்தக் கலவை சீக்கிரம் பிரிந்துவிடும், பெயின்ட்டையும் சில ரப்பர்களையும் கெடுக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். வீட்டு போர்ட்டிகோவில் அது வேண்டாம்.

இதற்கு எவ்வளவு பொறுமை தேவை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மரையின் நீளம் பல கார்களில் 19 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. எழும்பும். அதாவது முழுதாக வெளியே வர 15 சுற்று. நீங்கள் அரைச் சுற்று, அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி வந்திருக்கிறீர்கள். இன்னும் 14 சுற்றுக்கு மேல் பாக்கி. அத்தனை சுற்றையும் கட்டாயப்படுத்தி எடுத்தால், பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு மரை ஹெட்டில் இருக்கும் எல்லா மரைகளையும் உழுதுகொண்டு வரும்.

அப்படி உழுத ஒன்றை நானே கழற்றியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு சுற்றுக்குப் பிறகு காய்ந்த கதவுக் கீல் போல ஒரு கிரீச் சத்தம் வந்தது. சத்தம் வந்தாலும் திரும்புகிறதே என்று திருப்பிக்கொண்டே போனேன். வெளியே வந்த ப்ளக்கின் மரைப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பி சுற்றியதுபோல அலுமினியம் சுருண்டிருந்தது. விரல் நகத்தால் பிரித்தபோது ஒரே இழையாக நீளமாக வந்தது. அந்த இழைதான் ஹெட்டின் மரை. ஹெட்டை இறக்கி, புது மரை போட்டு ஏற்ற இரண்டு நாள் ஆனது. அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்து, உள்ளே திருப்பு, ஆயில் விடு என்பதை அதற்குப் பிறகு என்னிடம் வேலை கற்ற ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

சூடாக இருக்கும்போது கழற்றுவதா, ஆறிய பிறகா? இதில்தான் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும், நானும் தீர்ப்புச் சொல்லும் தோரணையில் எழுத விரும்பவில்லை. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும் என்பது உண்மை. அதனால் சூடாக இருந்தால் துளை பெரிதாகிப் பிடி தளரும் என்பார்கள். 14 மி.மீ. துளைக்கு 50 டிகிரி கூடினால் இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி சுமார் 0.008 மி.மீ., அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. துருவின் பிடியை உடைக்க அது சில நேரம் உதவும். ஆனால் சூடான அலுமினியம் மென்மையாகவும் இருக்கும், பிய்வதும் சுலபம். அதனால்தான் ப்ளக் தயாரிப்பாளர்களும் கார்க் கையேடுகளும் பொதுவாக ஆறிய இன்ஜினில் கழற்றச் சொல்கின்றன. என் பழக்கம் இது: முதல் அசைவே வராத ப்ளக்குக்கு மட்டும் இளஞ்சூடு, அதாவது ஹெட்டில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை தாங்கும் சூடு. உங்களைப்போல மரையில் மாட்டியதற்கு ஆறிய இன்ஜின்தான். அதோடு நீங்கள் கிளீனரும் ஆயிலும் அடித்திருப்பீர்கள். அந்த நிலையில் இன்ஜினை ஓட்டிச் சூடேற்றுவது தீயோடு விளையாடுவது. அரைகுறையாகத் தளர்ந்த ப்ளக்கோடு எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்யவே கூடாது, அழுத்தத்தில் ப்ளக் பிய்த்துக்கொண்டு மேலே வரலாம்.

இந்தத் தொல்லை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 நல்ல உதாரணம். 2004 முதல் 2008 வரை வந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு இன்ஜினில் ப்ளக்கின் அடிப்பகுதி ஒரு நீளமான மெல்லிய குழல்போல எரியறைவரை நீண்டிருக்கும். அதைச் சுற்றிக் கரி படிந்துவிடும், கழற்றும்போது மேல்பாதி கையோடு வரும், அந்தக் குழல் ஹெட்டிலேயே நின்றுவிடும். ஏராளமான வண்டிகளில் இப்படி ஆனதால் ஃபோர்டே மெக்கானிக்குகளுக்குத் தனி வழிமுறை வெளியிட்டது. அதன் சாரம்: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், கொஞ்சமாகத் தளர்த்தி கார்புரேட்டர் கிளீனர் ஊற்றி ஊறவிட வேண்டும், முன்னும் பின்னுமாக ஆட்டியே எடுக்க வேண்டும். நான் மேலே சொன்னதும் அதே முறைதான். உங்கள் காரின் ப்ளக் அந்த வகை இல்லை, ஆனால் கரி பிடிக்கும் விதம் ஒன்றே.

எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊறவைத்து, ஆட்டி, இரண்டு நாள் முயன்றும் ஒரு சுற்றைத் தாண்டவில்லை என்றால் நிறுத்துங்கள். சாக்கெட் ப்ளக்கின் உடலில் உள்ள ஆறுகோணத்தில் வழுக்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள். கைப்பிடி திரும்புகிறது, ஆனால் ரப்பரை முறுக்குவதுபோலத் தொய்வாக இருக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். ப்ளக்கின் உடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அடுத்தது உடைவதுதான். வெள்ளைப் பீங்கான் மட்டும் உடைந்தால் பயப்பட வேண்டாம், தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆறுகோணத்தைப் பிடித்து வேலையைத் தொடரலாம். ஆறுகோணமே கழன்று, மரை மட்டும் ஹெட்டில் நின்றுவிட்டால் அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. உடைந்த துண்டைப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், துளைக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா, பழகிய கை மூன்றும் வேண்டும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். ஒரு பீங்கான் துண்டு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மாட்டினால் சிலிண்டர் சுவரில் கோடு விழுந்துவிடும். வண்டியைக் கயிறு கட்டியோ லாரியில் ஏற்றியோ கொண்டுபோங்கள். ப்ளக் சில நூறு ரூபாய் சமாசாரம், ஹெட்டை இறக்குவது பல ஆயிரம். அந்த ஒரு ப்ளக்கைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், காப்பாற்ற வேண்டியது துளையின் மரை.

வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், அநேகமாக வந்துவிடும். துளைக்குள் டார்ச் அடித்து மரையைப் பாருங்கள். கரி மட்டும் இருந்தால், மரையைச் சுத்தம் செய்யும் த்ரெட் சேசரைக் கிரீஸ் தடவி, கையாலேயே இறக்கி எடுங்கள். தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். புது மரை வெட்டும் டேப்பைப் போடாதீர்கள், அது நல்ல உலோகத்தையும் சீவிவிடும். மரை ஒன்றிரண்டு போயிருந்தாலும் புது ப்ளக் கையால் தடையில்லாமல் இறங்கி, சொன்ன அளவுக்கு இறுகினால் ஓட்டலாம். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஹெலிகாயில் அல்லது புஷ் போட வேண்டும். ஹெலிகாயில் என்பது கம்பிச் சுருள், புஷ் என்பது முழு உலோகக் குழல். ப்ளக் துளைக்கு புஷ்தான் நீடிக்கும் என்பது என் அனுபவம். ஹெலிகாயிலை ஒழுங்காகப் போட்டு வருடக்கணக்கில் ஓடும் வண்டிகளும் உண்டு, அதனால் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

சிலிண்டருக்குள் இறங்கிய ஆயிலை வெளியேற்றாமல் ப்ளக்கை மாட்டாதீர்கள். திரவத்தை அமுக்க முடியாது, அளவு கூடினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடைத்த துணிகளை எடுத்துவிட்டு, பேட்டரியை இணைத்து, ஃப்யூவல் பம்ப் ஃபியூஸையும், ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் கனெக்டர்களையும் கழற்றி, நான்கு துளையும் திறந்திருக்க ஐந்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், ஆயில் பீய்ச்சி அடிக்கும். மாட்டிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும், அது சாதாரணம்.

புது ப்ளக்கை ஏற்றும்போது ராட்செட் வேண்டாம். பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றை ப்ளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துச் சுற்றுங்கள். கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கும், ஹெட் பிழைக்கும். கையால் முழுதாக உட்கார்ந்தபின் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்): 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30, 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புது ப்ளக்குக்குக் கை இறுக்கத்துக்குமேல் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை. வாஷர் இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் வகைக்குப் பதினாறில் ஒரு பங்குச் சுற்றே போதும். இதைக் கலந்துவிட்டு, கூம்பு வகையை அரைச் சுற்று இறுக்கியதால் மாட்டிக்கொண்ட ப்ளக்குகளையும் பார்த்திருக்கிறேன்.

மரையில் ஆன்டி-சீஸ் பசை (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவுவது) தடவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மெக்கானிக்குகளில் பாதிப்பேர் தடவுவார்கள், நானும் வெகுநாள் தடவியிருக்கிறேன். என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். ப்ளக்கின் உடலில் ஏற்கெனவே துருப்பிடிக்காத, ஒட்டாத பூச்சு இருக்கிறது. பசை தடவினால் வழுக்கிக்கொண்டு போய், டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் உண்மையில் அதிகமாக இறுகிவிடும். இதில் இப்போது நான் தயாரிப்பாளர் பக்கம். பூச்சு இல்லாத, கறுப்பு உடல் கொண்ட பழைய வகைக்கு மட்டும் துளி தடவுவேன், அதுவும் இறுக்கத்தைக் குறைத்து.

பிறகு, காயிலை எடுத்தபோது குழியில் இன்ஜின் ஆயில் தேங்கியிருந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால் வால்வு கவரில் உள்ள ப்ளக் குழாய் சீல்கள் போய்விட்டன, இதோடு மாற்றிவிடுங்கள். தண்ணீரும் செம்புழுதியுமாக இருந்திருந்தால், வாட்டர் வாஷ் கொடுக்கும்போது இன்ஜின்மேல் பிரஷர் கன் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்று சாயந்திரம் ப்ளக்கை உள்ளே திருப்பி உட்கார வையுங்கள், குழியைச் சுத்தம் செய்யுங்கள், கால் சுற்று தளர்த்திக் கிளீனரை அடியுங்கள், கால் மணி நேரம் கழித்துக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் பெனட்ரேட்டிங் ஆயிலை விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும், உங்கள் கையும் ஓய்ந்திருக்கும். ப்ளக் வெளியே வந்ததும் துடைக்காமல் அதன் அடிமரையை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். கறுப்பாக இருக்கிறதா, பள்ளத்தில் வெள்ளி இழை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, புது ப்ளக்கை நேரே மாட்டலாமா, முதலில் லேத் பட்டறைக்குப் போக வேண்டுமா என்று சொல்கிறேன்.